டியூஐ (குடிச்சுட்டு வண்டி ஓட்டுன) கேஸ்ல கோர்ட்டு ஏஏ மீட்டிங் போகச் சொல்லுது, அங்க கைகோத்து ஜெபம் பண்றாங்க. மறுக்க முடியுமா?

தஞ்சாவூரான்
வணக்கம் மக்களே. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

என் மச்சான், வீட்டுக்காரியோட தம்பி, கலிஃபோர்னியால எச்1பி வேலை விசால இருக்கான். போன தீபாவளி சமயத்துல ஃப்ரெண்டு வீட்டு பார்ட்டி முடிஞ்சு "ரெண்டு மைல்தானே"ன்னு வண்டிய எடுத்திருக்கான், சிக்னல்ல மாட்டிக்கிட்டான். ஊதச் சொன்னதுல 0.16, அங்க லிமிட் 0.08. யாருக்கும் அடி இல்ல, அதுக்கே குலசாமிக்கு பொங்கல் வெக்கணும். தப்பு பண்ணான், ஒத்துக்கிட்டான், அதுல எனக்கு மறுபேச்சே கிடையாது. ஃபைன், லைசென்ஸ், மூணு மாச டியூஐ கிளாஸ் 30 மணி நேரம், எல்லாம் சரி. ஆனா ரீடிங் ஜாஸ்தின்னு ஜட்ஜ் கூடவே 12 ஏஏ மீட்டிங்கும் போட்டுட்டார், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிய விட நினைக்கிறவங்க ஒண்ணா கூடி பேசற குழு. ஒவ்வொரு மீட்டிங்குக்கும் ஸ்லிப்ல கையெழுத்து வாங்கிட்டு வரணும்.

முதல் மீட்டிங் போனான். சர்ச் பேஸ்மென்ட், மடக்கு நாற்காலி, பெரிய டிரம்ல காபி, சுவத்துல ஜன்னல் திரை மாதிரி தொங்கவிட்ட போர்டுல, குடிய விட ஏஏ சொல்ற பன்னெண்டு படி. அதுல கடவுள், அவர், அவரிடம்னு வரிசையா வருது. நடுவுல ஒரு கூடை சுத்தி வருது, எல்லாரும் ஒரு டாலர் ரெண்டு டாலர் போடறாங்க, இவன மாதிரி கேஸ்ல வந்தவங்க அதுலயே ஸ்லிப்பையும் போடறாங்க, முடிஞ்சதும் கையெழுத்தாகி வருது. அந்த "முடிஞ்சதும்"தான் சிக்கல். கடைசியில எல்லாரும் வட்டமா நின்னு கைகோத்து பரமண்டல ஜெபம். இவன் கான்வென்ட்ல படிச்சவன், அசெம்ப்ளில பன்னெண்டு வருஷம் சொன்னதாச்சே, வாய் தானா சொல்லிடுச்சாம். கார்ல வந்து உக்காந்தப்புறம்தான் கடுப்பாயிருக்கு. இவன் கோயிலுக்கே வரமாட்டான், எங்க கல்யாணத்துலயே ஹோமத்துக்கு எட்ட நின்ன ஆளு.

லாயர்ட்ட கேட்டா "பேசாம போயிட்டு வா, விசாவ மனசுல வெச்சுக்கோ"ன்னுட்டார். இங்க விவரம் தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க, ஒரு கோர்ட்டு இப்படி சாமி கும்பிட அனுப்ப முடியுமா?

நடுநிலை_நாயகம்
பாஸ் 12 மீட்டிங், 12 மணி நேரம். ஒரு சீரியல் ஒரு வாரத்துல பாத்து முடிக்கிற நேரம். கையெழுத்த வாங்கிட்டு வரச் சொல்லுங்க. ஜெயிலுக்குப் போகாம தப்பிச்சதுக்கு ஒரு ஜெபம் சொன்னா கொறஞ்சா போயிடுவான்?

ஈரோட்டுக்காரன்
@நடுநிலை_நாயகம் கொறஞ்சு போறது அவன் இல்லங்க, கவர்மென்ட்டு. குடிச்சுட்டு ஓட்டுனதுக்கு ஃபைன் போடு, வண்டிய புடுங்கு, உள்ள வை, அது சட்டம். கண்ண மூடி கைய கோத்து பிதாவேன்னு சொல்லுன்னா அது எந்த ஊரு சட்டம்? இதையே இங்க ஒரு மேஜிஸ்ட்ரேட்டு "வாரம் ஒரு நாள் பஜனை மடத்துக்குப் போயி குருக்கள்ட்ட கையெழுத்து வாங்கிட்டு வா"ன்னு சொன்னா நீங்க சும்மா இருப்பீங்களா?

நடுநிலை_நாயகம்
பஜனை மடத்துல சுண்டல் தருவாங்க, போயிடுவேன் 😀

கேஸ்கட்டு
தஞ்சாவூரான், நான் அங்க லாயர் இல்ல, ஆனா பதினஞ்சு வருஷமா லீகல் டிபார்ட்மென்ட்ல பேப்பர் தள்ளுறவன், இந்த விஷயத்த நிறைய படிச்சிருக்கேன். உங்க கேள்விக்கு ஒரே வரில பதில்: ஏஏ மட்டும்தான்னு கட்டாயப்படுத்த முடியாது. இது புதுசாவும் இல்ல, இழுபறியாவும் இல்ல, 1996லயே அடிச்சு பேசி முடிச்ச சங்கதி.

விஸ்கான்சின்ல ஒரு கைதி, நார்காட்டிக்ஸ் அனானிமஸ் (போதை மருந்த விடறதுக்கு ஏஏ மாதிரியே ஒண்ணு) மீட்டிங்குக்கு வரலேன்னா இத விட கெடுபிடியான ஜெயிலுக்கு மாத்துவோம், பரோல்லயும் கை வெப்போம்னு சொல்லியிருக்காங்க. கெர் எதிர் ஃபாரின்னு கேஸ். ஏழாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட்டு மூணே மூணு கேள்வி கேட்டுச்சு. பண்றது அரசாங்கமா? அதுல கட்டாயம் இருக்கா? கட்டாயப்படுத்துற விஷயம் மதம் சார்ந்ததா? மூணுக்கும் ஆமான்னா அரசாங்கம் மதத்த திணிக்கக் கூடாதுங்கிற அரசியல் சட்டத்தோட முதல் திருத்தத்துக்கு விரோதம், கதை முடிஞ்சது. உங்க மச்சான் கேஸ்ல வெச்சுப் பாருங்க. ஆர்டர் போட்டது ஜட்ஜ், போகலேன்னா ப்ரொபேஷன் (ஜெயிலுக்குப் பதிலா நிபந்தனையோட வெளிய விடறது) மீறல்னு உள்ள போகணும், சுவத்துல தொங்குறது கடவுள்.

அதே வருஷம் நியூயார்க்லயும் ரெண்டு. ஒண்ணு, ஜெயில்ல ஏஏ அடிப்படையில நடக்கிற ப்ரோக்ராம்ல சேந்தாதான் குடும்பத்தோட சேந்து தங்குற சலுகை கிடைக்கும்னு ஒரு நாத்திகர் கைதிட்ட சொன்னாங்க, மாநில உச்ச அப்பீல் கோர்ட்டே அது செல்லாதுன்னுருச்சு. இன்னொண்ணு அப்படியே உங்க மச்சான் மாதிரி, குடிச்சுட்டு ஓட்டுன ஆளு, ஆரஞ்ச் கவுன்ட்டி ப்ரொபேஷன் ஆபீஸ் மேல கேஸ் போட்டு ஜெயிச்சார். நஷ்ட ஈடு எவ்வளவு தெரியுமா? ஒரு டாலர். கோர்ட்டுக்குப் போன பஸ் டிக்கெட்டுக்கே பத்தாது, ஆனா அந்த ஒரு டாலர் தீர்ப்பத்தான் இன்னைக்கும் எல்லாரும் எடுத்துக் காட்டுறாங்க.

சோடா_பாட்டில்
நான் பேசலாமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். நான் ஏஏ. பதினோரு வருஷம் ஆச்சு. எங்களுக்கு பேர் வெளிய சொல்றது வழக்கமில்ல, அதனால சோடா பாட்டில்னே இருக்கட்டும்.

எல்லாரும் எங்கள ஏதோ மதம் மாத்துற கூட்டம் மாதிரி பேசறீங்க, அது வலிக்குது. 1935ல ஒஹையோ மாநிலம் ஆக்ரன்ல ஒரு பங்கு வியாபாரியும் ஒரு டாக்டரும் "நீ குடிக்காம இருக்க நான் துணை, நான் குடிக்காம இருக்க நீ துணை"ன்னு ஆரம்பிச்சது. ஆமா, அவங்க ஆக்ஸ்ஃபோர்ட் குரூப்ங்கிற கிறிஸ்தவ இயக்கத்து வழியா வந்தவங்க, அந்த வாசனை இருக்கு, மறைக்கல. ஆனா ஆரம்பத்துலயே நாத்திகர்களும் உள்ள இருந்தாங்க, அவங்க சண்டை போட்டுத்தான் "நாங்க புரிஞ்சுகிட்டபடி"ங்கிற வார்த்தைய கடவுளுக்குப் பின்னால சேத்தாங்க. சேர்றதுக்கு ஒரே தகுதி, குடிய விடணும்ங்கிற ஆசை. ஃபீஸ் கிடையாது. கூடைல போடறது கூட கட்டாயமில்ல.

எனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன். முதல் நாள் கை நடுக்கத்துல காபி கப்ப பிடிக்க முடியல. பக்கத்துல இருந்த ஒரு ட்ரக் டிரைவர், எழுபது வயசு இருக்கும், ஒண்ணும் கேக்காம என் கப்ப வாங்கி பாதி காபிய தன் கப்புல ஊத்திட்டு திருப்பிக் குடுத்தார். பாதி கப்புன்னா சிந்தாதுல்ல. அந்த பாதி கப்புக்காகத்தான் மறுநாள் போனேன். கடவுளுக்காக இல்ல.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோங்க, கோர்ட்டுட்ட "ஆள் அனுப்பு"ன்னு நாங்க கேட்டதே இல்ல. சில குரூப்ல ஸ்லிப்ல கையெழுத்தே போட மாட்டாங்க. பின்னாடி வரிசைல ஃபோன நோண்டிக்கிட்டு எப்ப முடியும்னு வாட்ச்ச பாக்கிற பசங்களால மனசு விட்டு பேச வந்தவங்களுக்குத்தான் கஷ்டம்.

ஈரோட்டுக்காரன்
@சோடா_பாட்டில் அண்ணா, உங்க பதினோரு வருஷத்துக்கு ஒரு கும்பிடு, நெசமா சொல்றேன். என் பெரியப்பா அப்படி ஒரு இடம் கிடைக்காமத்தான் 52 வயசுல போனார். எனக்கு ஏஏ மேல கோவமே இல்லீங்க.

ஆனா அந்த மூணாவது படி இருக்கு பாருங்க, என் மனசையும் வாழ்க்கையையும் கடவுள் கையில ஒப்படைக்கிறேன்னு வருது, அது சரணாகதி. நம்மூருல ஆயிரம் வருஷமா பேசுன சரணாகதி. ஆழ்வார் பாடுனா அழகு, அவரா பாடுனார். ஜட்ஜ் உத்தரவு போட்டு சரணாகதி பண்ண வெச்சா அதுக்குப் பேரு என்ன?

குட்டிச்சாத்தான்77
அட நமக்குதான் சாமிக்குப் பஞ்சமே இல்லையே. ஏஏல கடவுள "உயர்ந்த சக்தி"ன்னு சொல்லும்போது முருகன நினைச்சுக்க சொல்லுங்க, பழனிக்குப் போன மாதிரியும் ஆச்சு, கோர்ட்டுக்குப் போன மாதிரியும் ஆச்சு.

கேஸ்கட்டு
@குட்டிச்சாத்தான்77 ஜோக்குதான், ஆனா இதே வாதத்தத்தான் கவர்மென்ட்டு தரப்புலயும் வெச்சாங்க. "உயர்ந்த சக்தின்னா எதுவா வேணா இருக்கலாம், கதவு கைப்பிடியா கூட இருக்கலாம்"னு ஏஏல ஒரு வழக்குப் பேச்சே உண்டு. கோர்ட்டு அத ஏத்துக்கல. எந்த சாமின்னு நீ தேர்ந்தெடுக்கலாம்ங்கிறது வேற, சாமியே வேணாம்னு சொல்லலாம்ங்கிறது வேற.

ஹவாய்ல ஒரு புத்த மதத்துக்காரர், அவர் மதத்துல படைச்ச கடவுள்னு ஒருத்தரே கிடையாது. பரோல்ல இருந்தப்ப பன்னெண்டு படி ப்ரோக்ராமுக்குப் போகமாட்டேன்னார், பரோல ரத்து பண்ணிட்டாங்க. ஒன்பதாவது சர்க்யூட் 2007ல என்ன சொல்லிச்சுன்னா, இது தப்புன்னு 2001லயே சட்டம் தெளிவா இருந்துச்சு, அதனால அந்த பரோல் ஆபீசர் "எனக்குத் தெரியாது"ன்னு தப்பிக்க முடியாது, அவரே பதில் சொல்லணும்னுருச்சு. தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே பாவம் கேஸ் போட்டவர் இறந்துட்டார், மகன்தான் நடத்தி முடிச்சார். கலிஃபோர்னியாவும் அதே ஒன்பதாவது சர்க்யூட்தான், தஞ்சாவூரான் இத குறிச்சு வெச்சுக்கோங்க.

நாசரேத்து_அக்கா
நான் இதுல வந்து விழுவேன்னு நீங்க யாரும் எதிர்பாத்திருக்க மாட்டீங்க. நான் ஞாயித்துக்கிழமை தவறாம சபைக்குப் போறவ, இங்க எங்க தமிழ் சபையில பாட்டு நடத்துறவ. நான் ஈரோட்டுத் தம்பி பக்கம்.

முதல்ல ஒரு தெளிவு. பேஸ்மென்ட்ல நடக்கிறதால சர்ச்தான் ஏஏ நடத்துதுன்னு நினைச்சுக்காதீங்க, எங்க சபைக் கட்டிடத்துலயே செவ்வாக்கிழமை ஒரு குரூப் நடக்குது, வாடகை குடுக்கிறாங்க, சாவி வாங்குறாங்க, பூட்டிட்டுப் போறாங்க, எங்க பாஸ்டருக்கும் அவங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். 2012ல ஓக்லஹோமால ஒரு ஜட்ஜ், குடிச்சுட்டு ஓட்டி நண்பன சாகடிச்ச ஒரு டீனேஜ் பையனுக்கு ஜெயிலுக்குப் பதிலா பத்து வருஷம் சர்ச்சுக்குப் போகணும்னு நிபந்தனை போட்டார். ரெண்டு வீட்டுக்காரங்களும் ஒத்துக்கிட்டாங்க. எங்க சபை வாட்ஸாப் குரூப்ல ஆஹா ஓஹோன்னு போட்டாங்க. எனக்கு நெஞ்சு அடைச்சுது. பத்து வருஷம் ஒருத்தன் ஜெயிலுக்குப் பயந்து ஆராதனைக்கு வந்து உக்காந்திருந்தா அது ஆராதனையா? அவன் வந்தானா வரலையான்னு பாக்கிற எங்க பாஸ்டர் யாரு, ஜெயில் வார்டனா? அப்பத்த வாங்கும்போது அவன் மனசுல கர்த்தர் இருப்பாரா, ப்ரொபேஷன் ஆபீசர் இருப்பாரா?

1802ல அமெரிக்க ஜனாதிபதி ஜெஃபர்சன் மதத்துக்கும் அரசுக்கும் நடுவுல "சுவர்"னு எழுதுனாரே, அது யாருக்கு எழுதுன கடிதம்னு பாருங்க. டான்பரி ஊர் பாப்டிஸ்ட்டுகளுக்கு. அவங்க நாத்திகர் இல்ல, பக்திமான்கள். அவங்க மாநிலத்துல கவர்மென்ட்டு ஆதரிச்ச சபை வேற, இவங்க வேற, அதான் பயந்து எழுதுனாங்க. அந்தச் சுவர் எங்களுக்கும் வேலிதான்.

ஈரோட்டுக்காரன்
அக்கா 🙏 இத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கறேன்.

டேட்டா_தம்பி
ஒரு விஷயம் யாரும் சொல்லல. ஏஏ வேலை செய்யுது. 2020ல காக்ரேன் ரிவ்யூ (பல மருத்துவ ஆய்வ ஒண்ணா சேத்து அலசுறது) வந்துச்சு, 27 ஆய்வு, 10,565 பேர். தொடர்ந்து குடிக்காம இருக்கிறதுல ஏஏ, அப்புறம் ஆள ஏஏல சேத்துவிடுற ட்ரீட்மென்ட், மத்த தெரபிக்கு சமமா, சிலதுல அத விட நல்லாவே இருந்துச்சு. செலவும் கம்மி. அப்ப ஒரு ஜட்ஜ் சயின்ஸ் சொல்ற விஷயத்தத்தானே ஆர்டர் போடறார்?

கேஸ்கட்டு
@டேட்டா_தம்பி அந்த ரிவ்யூ நல்ல ரிவ்யூ, மறுக்கல. ஆனா கோர்ட்டு கேக்கிற கேள்வி "வேலை செய்யுதா" இல்லையே. நாளைக்கே தினமும் தொழுகை பண்ணா பிபி குறையுதுன்னு ஆய்வு வந்தா, பிபி இருக்கிற கைதிக்கெல்லாம் தொழுகைய ஆர்டர் போடலாமா?

அதுவும் போக, ஜட்ஜ் ஏஏன்னு சொல்லவே கூடாதுன்னு யாரும் சொல்லல. இது நிறைய பேருக்குப் புரியாம போற இடம். "ஏஏ, இல்லேன்னா கடவுள் இல்லாத வேற ஒண்ணு, நீயே பாத்துக்கோ"ன்னு சொன்னா சட்டப்படி ஓகே. 1994ல கலிஃபோர்னியாலயே ஒரு டியூஐ ஆசாமி கேஸ் போட்டு தோத்தார். ஏன்னா அந்த கவுன்ட்டில ஏஏக்குப் பதிலா மதம் சாராத இன்னொரு குரூப்புக்கும் போகலாம்னு இருந்துச்சு. கதவு ரெண்டு இருந்தா தப்பில்ல. ஒரே கதவ வெச்சு, அதுக்குள்ள சாமி படத்தயும் மாட்டி, பின்னால போலீஸ நிறுத்துனாத்தான் தப்பு.

யாழ்_நர்ஸ்
நான் டொரண்டோவில நர்ஸா இருக்கிறன். இஞ்ச கோர்ட்டு இல்லை, வேலையிடமே இப்பிடிச் செய்யும். வன்கூவரில ஒரு ஆண் நர்ஸ், ஏஏக்குப் போகாட்டி வேலை இல்லை எண்டு சொல்லிப் போட்டினம். அவர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர், வேற வைத்திய முறை தாங்கோ எண்டு கேட்டார், குடுக்கேல்லை, வேலையும் போச்சு. மனித உரிமை ட்ரிபியூனலுக்குப் போய் வருசக்கணக்கா இழுபட்டு 2019 கடைசியில ஒத்துத் தீர்த்தவை. இனி மத காரணமா மாட்டன் எண்டுறவையை பன்னெண்டு படிக்கு வலுக்கட்டாயமா அனுப்பிறேல்லை எண்டு அந்த ஹெல்த் நிர்வாகம் ஒத்துக்கொண்டது.

நாங்கள் இதை ஷிஃப்ட்டில கதைக்கேக்க ஒரு சீனியர் சொன்னா, "உயிரைக் காப்பாத்திற மருந்தெண்டாலும் நோயாளியின்ர சம்மதம் வேணும், இதுக்கு மட்டும் ஏன் வேண்டாம்?" எண்டு. எனக்கு அதுக்குப் பிறகு வேற கேள்வி வரேல்லை.

நடுநிலை_நாயகம்
எல்லாம் சரி, கேஸ் போட்டு ஜெயிச்சு ஒரு டாலர் வாங்குறதுக்கு எத்தனை வருஷம், எத்தனை ஆயிரம் டாலர் செலவு? இவன் எச்1பில இருக்கான், மறந்துட்டீங்க. 2015ல இருந்தே டியூஐ அரெஸ்ட் ஆனாலே, தீர்ப்பு கூட வேணாம், கான்சுலேட்டு பாஸ்போர்ட்ல இருக்கிற விசாவ ரத்து பண்ணலாம்னு இருக்கு. ஊருக்குப் போனா திரும்ப ஸ்டாம்பிங்குக்கு அவங்க சொல்ற டாக்டர்ட்ட மெடிக்கல் வேற. இந்த நிலைமைல ஜட்ஜ்ட்ட போயி நான் ஜெபம் பண்ணமாட்டேன்னு நிக்கிறதுக்கு நெஞ்சு வேணும். உங்க எல்லாருக்கும் கொள்கை, அவனுக்கு வாழ்க்கை.

தஞ்சாவூரான்
நாயகம் சொன்னதுதான் வீட்லயும் ஓடுது. மாமியார் ஃபோன்ல "ஏசப்பா என்ன நம்ம எதிரியா, சொல்லிட்டு வாடா"ங்கிறாங்க. அவங்களுக்கு வேளாங்கண்ணியும் ஒண்ணுதான் சமயபுரமும் ஒண்ணுதான்.

இவன் இது வரைக்கும் நாலு மீட்டிங் போயிட்டான். ரெண்டாவது மீட்டிங்ல ஜெபம் ஆரம்பிச்சதும் கைய பாக்கெட்ல விட்டுட்டு நின்னிருக்கான், ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல, ஆனா ஸ்லிப்ப திருப்பித் தர்றவர் இவன் பேர மட்டும் கடைசில கூப்பிட்டாராம். அது வேணும்னா, தற்செயலான்னு தெரியல. ஆனா இவனுக்கு உறுத்துது. கேக்கிறப்ப எனக்கும் உறுத்துது.

சோடா_பாட்டில்
அது தற்செயலாத்தான் இருக்கும், கூடைல அடியில கிடந்திருக்கும். ஆனா அவனுக்கு அப்படித் தோணுது பாருங்க, அங்கதான் எனக்கே மனசு மாறுது. எங்க ரூம்ல யாருக்கும் யார் மேலயும் அதிகாரம் கிடையாது, அதுதான் எங்க பலமே. இந்த ஸ்லிப் வந்ததும் கையெழுத்து போடறவன் ஒரு சின்ன ஆபீசர் ஆயிடறான். நாங்க அத கேக்கல, ஆனா கைல குடுத்துட்டாங்க.

கேஸ்கட்டு
@நடுநிலை_நாயகம் உங்க பயம் நியாயமான பயம். அதனாலதான் கேஸ் போடாதீங்கன்னு சொல்றேன். கேக்கணும், அவ்வளவுதான், அதையும் எழுத்துல கேக்கணும். ஏன்னு ஒரு கதை சொல்றேன், இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கேஸ்.

கலிஃபோர்னியா வடக்குல ஒரு ஆளு, போதை மருந்து வெச்சிருந்ததுக்கு ஒரு வருஷம் உள்ள இருந்துட்டு 2007ல பரோல்ல வர்றார். 90 நாள் ஒரு சென்டர்ல தங்கி ட்ரீட்மென்ட் எடுக்கணும்னு நிபந்தனை. நாத்திகர். கடவுள் இல்லாத ப்ரோக்ராமா குடுங்கன்னு கேட்டார், இருக்கிறதெல்லாம் பன்னெண்டு படிதான்னுட்டாங்க. போனார், உக்காந்தார், ஆனா ஆட்சேபத்த முறைப்படி எழுதிக் குடுத்துக்கிட்டே இருந்தார். சென்டர் ஆளுங்க பரோல் ஆபீஸ்ல என்ன புகார் சொன்னாங்க தெரியுமா? இவர் இடைஞ்சல் பண்றார், ஆனா இனிமையா பழகித்தான் இடைஞ்சல் பண்றார்னு! பரோல ரத்து பண்ணி சுமார் 100 நாள் திரும்ப உள்ள வெச்சாங்க. கேஸ் போட்டார். கீழ்க்கோர்ட்டு ஜட்ஜே உரிமைய மீறுனது உண்மைன்னுட்டார், ஆனா ஜூரி நஷ்ட ஈடு பூஜ்யம்னுருச்சு. 2013ல ஒன்பதாவது சர்க்யூட், அநியாயமா ஒருத்தன உள்ள வெச்சதுக்கு பூஜ்யம்னு விலை போட முடியாதுன்னு திருப்பி அனுப்ச்சு. அடுத்த வருஷம் மாநில அரசும் ட்ரீட்மென்ட் ஏற்பாடு பண்ற கான்ட்ராக்ட் எடுத்திருந்த கம்பெனியும் சேந்து கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர் குடுத்து சமாதானமா போனாங்க. ஹேசல் வழக்குன்னு தேடுனா கிடைக்கும்.

ஒரு டாலருல இருந்து 20 லட்சம். அதனால இப்ப நிறைய ஜட்ஜும் ப்ரொபேஷன் ஆபீசும் இந்த வார்த்தைய கேட்டாலே நிமிந்து உக்காருவாங்க. சண்டை போட வேண்டிய அவசியமே வராது.

செய்ய வேண்டியது என்னன்னா, முதல்ல அந்த ஆர்டர் பேப்பர எடுத்துப் படிங்க, அதுல ஏஏன்னே இருக்கா, "செல்ஃப் ஹெல்ப் மீட்டிங்"னு இருக்கான்னு பாருங்க, ஏன்னா நிறைய இடத்துல பேப்பர்ல பொதுவா இருக்கும், கவுன்ட்டர்ல இருக்கிற ஆளு வாயால ஏஏன்னு சுருக்கிச் சொல்லியிருப்பார். ஏஏன்னே இருந்தா, லாயர வெச்சு கேஸ திரும்ப கேலண்டர்ல (கோர்ட்டு விசாரணைப் பட்டியல்ல) போடச் சொல்லி, மத நம்பிக்கை காரணமா ஆட்சேபம், பதிலா ஸ்மார்ட் ரெக்கவரி மாதிரி மதம் சாராத குரூப் வேணும்னு கேக்கச் சொல்லுங்க. முக்கியமா, உத்தரவு மாறுற வரைக்கும் இப்ப இருக்கிற மீட்டிங்க கட் பண்ணக் கூடாது. கட் பண்ணா பேச்சு மதத்த விட்டுட்டு "ஆஜராகல"ன்னு மாறிடும்.

டேட்டா_தம்பி
ஸ்மார்ட் ரெக்கவரி 1994ல ஆரம்பிச்சது. சிபிடி (யோசிக்கிற, நடந்துக்கிற விதத்த மாத்துற மனநல சிகிச்சை) அடிப்படை. பன்னெண்டு படி, ஸ்பான்சர் (கூடவே வழிகாட்டுற பழைய மெம்பர்), சாமி எதுவும் கிடையாது, ஆன்லைன் மீட்டிங்குக்கு வந்தேன்னு சான்றும் தருவாங்க. பெண்களுக்குன்னு 1975ல இருந்தே விமன் ஃபார் சோப்ரைட்டின்னு ஒண்ணு இருக்கு. பிரச்சனை என்னன்னா சின்ன ஊர்ல ஏஏ தெருவுக்கு ஒண்ணு இருக்கும், இதெல்லாம் நாப்பது மைல் போகணும். இவனுக்கு லைசென்ஸ் வேற இல்ல. ஆன்லைன் வந்தப்புறம் பரவால்ல.

குட்டிச்சாத்தான்77
ஒரு டவுட். இப்ப அமெரிக்க உச்ச நீதிமன்றம் மதத்துப் பக்கமா சாஞ்சிருக்கே, ஃபுட்பால் கோச் மைதானத்துல ஜெபம் பண்ணலாம்னு 2022ல சொன்னாங்களே. அப்ப இந்த பழைய தீர்ப்பெல்லாம் நிக்குமா?

கேஸ்கட்டு
நல்ல கேள்வி. அந்தத் தீர்ப்புல லெமன் டெஸ்ட்னு, அரசாங்கம் மதத்துக்குத் துணை போகுதான்னு பாக்க 1971ல இருந்து வந்த அளவுகோல தூக்கிப் போட்டாங்க, நெசம்தான். ஆனா கோச் கேஸ்ல அவங்க சொன்னதே "அவர் யாரையும் கட்டாயப்படுத்தல"ங்கிறதுதான். கட்டாயப்படுத்துனா தப்புங்கிறத அவங்களும் மாத்தல. ஏஏ கேஸெல்லாம் நிக்கிறதே கட்டாயம்ங்கிற தூண் மேல, அதனால இப்போதைக்கு ஆடல. 2021ல கூட கொலராடோல ஒரு பரோலிய, தங்குறதுக்கு ஒரு கிறிஸ்தவ மிஷன் விடுதிக்கு அனுப்பி, பைபிள் கிளாஸுக்கும் சேப்பலுக்கும் வரலேன்னா வெளிய போ, வெளிய போனா பரோல் மீறல்னு உள்ள வெச்சாங்க. பத்தாவது சர்க்யூட், அந்த பரோல் ஆபீசர் மேல கேஸ் நடத்தலாம்னு விட்டுச்சு. அந்த ஆளு வக்கீல் இல்லாம தானே எழுதி ஆரம்பிச்ச கேஸ் அது.

(ஒரு கிளைக்கதை: 2001ல நியூயார்க்ல ஒரு ஃபெடரல் ஜட்ஜ், ஏஏல ஒருத்தன் கொலைய ஒத்துக்கிட்டது பாதிரியார்ட்ட பாவமன்னிப்பு கேட்ட மாதிரி, சாட்சியா எடுக்கக் கூடாதுன்னு சொன்னார். ஏஏவ மதம்னு கோர்ட்டே சொல்லிடுச்சேன்னு! அடுத்த வருஷம் அப்பீல்ல அது நிக்கல, அவன் ஆன்மீக வழிகாட்டுதல் கேட்டு சொல்லலன்னு தள்ளிட்டாங்க. எங்கயோ ஆரம்பிச்சு எங்கயோ போகுது பாருங்க.)

தஞ்சாவூரான்
அஞ்சு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

பேப்பர எடுத்துப் பாத்தோம், ஏஏன்னேதான் இருந்துச்சு. லாயர் முதல்ல முனகுனார், கேஸ்கட்டு சொன்ன 2007, 2013 தீர்ப்பு ரெண்டையும் ஒரு பக்கத்துல டைப் அடிச்சு அனுப்பினதும் "ஓ"ன்னார், தனி ஃபீஸும் கேட்டார், குடுத்தோம். கோர்ட்ல எங்களுக்கு முன்னாடி முப்பது பேர், ஒன்பது மணிக்குப் போயி பதினொன்னரைக்குக் கூப்பிட்டாங்க. லாயர் எந்திரிச்சு ஆட்சேபம்னு ஆரம்பிச்சு முடிக்கல, ஜட்ஜ் கண்ணாடிக்கு மேல பாத்து, ஏஏ இல்லேன்னா அவர் விருப்பப்படி வேற செல்ஃப் ஹெல்ப் குரூப்னு மாத்திக்கோன்னு கிளார்க்ட்ட சொல்லிட்டு அடுத்த ஃபைல எடுத்துட்டார். ரெண்டு நிமிஷம் இருக்கும். மச்சான் பேசறதுக்குன்னு ராத்திரி பூரா மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தான் பாவம்.

முன்ன போன நாலும் கணக்குல சேந்துச்சு, மீதி எட்டு ஸ்மார்ட்ல ஆன்லைன். ஆறு முடிச்சாச்சு. ப்ரின்ட் அவுட்ட வாங்குற கவுன்ட்டர்ல மட்டும் "இது என்ன புதுசா"ன்னு முதல் தடவ இழுத்தாங்க, மாத்துன ஆர்டர காட்டினதும் சீல் குத்தினாங்க.

ஈரோட்டுக்காரன்
மச்சானுக்கு வாழ்த்து சொல்லுங்க. நாயகம் எங்க?

நடுநிலை_நாயகம்
இருக்கேன் இருக்கேன். ரெண்டு நிமிஷத்துல முடியும்னு தெரிஞ்சிருந்தா நானும் கேளுன்னுதான் சொல்லியிருப்பேன்.

சோடா_பாட்டில்
சந்தோஷம் தம்பி. குடி எப்படி இருக்கு, அத யாரும் கேக்கல பாருங்க.

தஞ்சாவூரான்
அண்ணா நீங்கதான் கேட்டீங்க. தீபாவளிக்கப்புறம் தொடல. ஸ்மார்ட்ல ஆசை வந்தா எழுதி வைக்கிறதுன்னு ஒரு ஷீட் இருக்காம், ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்கான், வெள்ளிக்கிழமை கட்டம்தான் நிறைய ரொம்பியிருக்கு.

இன்னொண்ணு, போன வியாழன் அந்த பழைய பேஸ்மென்டுக்கே போயிருக்கான், ஸ்லிப் எடுத்துக்காம. ஏன்டான்னு கேட்டா, அங்க ஒரு கிழவருக்கு முழங்கால் ஆபரேஷன், நாற்காலி எடுத்துப் போட ஆள் இல்லன்னு சொன்னாராம். ஜெபம் ஆரம்பிச்சதும் இவன் வெளிய வந்து காபி டிரம்ம கழுவிக்கிட்டு இருந்திருக்கான்.